புறநானூற்றுக்குப் பக்க எண் எதற்கு?

வாசகர் கேள்வி: டெல்லியில் புறநானூறு பற்றி ஆங்கிலத்தில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதுகிறேன். எல்லா மேற்கோளுக்கும் பக்க எண் வேண்டும் என்கிறார் நெறியாளர். துறை அலுவலகம் ‘எம்எல்ஏ முறை’ (மாடர்ன் லாங்வேஜ் அசோசியேஷன் வகுத்த மேற்கோள் முறை) என்று மட்டும் சொல்கிறது. பிளேஜியரிசம் (எழுத்துத் திருட்டு) ரிப்போர்ட்டில் 34 சதவீதம் வந்துவிட்டது. ஒரு தட்டச்சுக் கடையில், பத்துக்குக் கீழே இறக்கி ஃபார்மேட்டும் செய்து தருகிறோம் என்று பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பக்க எண்.

சங்கப் பாட்டுக்கு முகவரி பாட்டு எண்ணும் அடி எண்ணும்தான். ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்று எடுத்தாண்டால் பக்கத்திலேயே ‘புறம். 192:12-13’ என்று போட்டால் போதும். உ.வே.சா.வின் 1894 பதிப்பை வைத்திருப்பவரும் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகப் பதிப்பை வைத்திருப்பவரும் செல்போனில் படிப்பவரும் ஒரே அடியில் வந்து நிற்பார்கள். பக்க எண் போட்டால், உங்கள் அலமாரியில் இருக்கும் அந்த மறுபதிப்பு இல்லாதவருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. எம்எல்ஏ கையேடே செய்யுளுக்குப் பக்கத்தை விட்டுவிட்டுப் பகுதி எண், அடி எண் தரச் சொல்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து நெறியாளர் மேசையில் வையுங்கள். ‘எம்எல்ஏ முறை’ என்று சுற்றறிக்கை விடுபவர்கள் கையேட்டைத் திறந்து பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

எந்தப் பதிப்பு என்பதை ஒருமுறை, துணைநூற் பட்டியலில் முழுமையாகச் சொல்லுங்கள். பதிப்பாசிரியர், முதற்பதிப்பு ஆண்டு, நீங்கள் பயன்படுத்திய மறுபதிப்பின் ஆண்டு மூன்றும் வேண்டும். மறுபதிப்பு ஆண்டை மட்டும் போட்டால், சாமிநாதையர் 1971-இல் புறநானூற்றைப் பதிப்பித்தார் என்று ஆகிவிடும். அவர் மறைந்ததோ 1942-இல். சோட்டரோ போன்ற மேற்கோள் மென்பொருள் ‘ஐயர்’ என்பதைக் குடும்பப்பெயராகப் பிடித்துக்கொண்டு பட்டியலை வரிசைப்படுத்தும். சோட்டரோவில் பெயரை, முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரிக்காமல், ஒரே புலமாக மாற்றிக் கையால் இடுங்கள். தலைப்புப் பக்கம் கிழிந்த பிரதி கையில் இருந்தால் ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்க நூலகத்தில் நல்ல பிரதி கிடைக்குமா என்று கேளுங்கள். இணையத்தில் கிடைக்கும் விவரத்தை நம்பி ஆண்டு போட வேண்டாம்.

ஒரு சின்னக் கண்ணி: புறநானூற்றில் கடவுள் வாழ்த்துத்தான் முதல் பாட்டு. குறுந்தொகை, நற்றிணை, அகநானூற்றில் அது எண்ணுக்கு வெளியே நிற்கும். நூலுக்கு நூல் தாவி மேற்கோள் காட்டுகிறவர்கள் இங்கேதான் ஒரு எண் தவறுவார்கள். மற்ற நூல்களின் எண் முறைகள் உங்களுக்கு இப்போது தேவையில்லை.

பக்க எண் கட்டாயம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது உரை. செய்யுளுக்கு எண்ணிட்ட அடிகள் இருக்கின்றன, உரைக்குக் கிடையாது. ‘இந்தச் சொல்லுக்கு உரைகாரர் இப்படிப் பொருள் கொள்கிறார்’ என்று எழுதியவுடன் நீங்கள் பாட்டை விட்டுப் பதிப்புக்குள் போய்விடுகிறீர்கள். அப்போது உரைகாரர், பதிப்பு, பக்கம் எல்லாம் சொல்ல வேண்டும். பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் தரும் பாடவேறுபாட்டுக்கும் இதே விதி. இதில் பலர் விழும் குழி, புறநானூற்றின் பழைய உரை 266 பாட்டு வரைதான் கிடைத்திருக்கிறது என்பது. 192-க்குப் பழைய உரையைக் காட்டலாம். ‘கெடுக சிந்தை’ என்று தொடங்கும் 279-ஆம் பாட்டுக்குக் காட்ட முடியாது. அதற்கும் ‘பழைய உரைகாரர் கருத்து’ என்று எழுதினால், இருபதாம் நூற்றாண்டு உரையாசிரியர் ஒருவரின் வாக்கியத்தைத்தான் பழையவர் தலையில் கட்டுகிறீர்கள். தேர்வாளர் விவரம் தெரிந்தவராக இருந்தால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே இதுதான். ஆகவே ஆய்வேட்டில் ‘உரை’ என்ற சொல் வரும் ஒவ்வொரு இடத்தையும் தேடி எடுத்து, பாட்டு எண் 266-க்கு மேலா கீழா என்று பாருங்கள். அரை நாள் வேலை.

இனி 34 சதவீதம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது. 10-க்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திய பிரதி கேட்பார்கள். ஆனால் அதே ஒழுங்குமுறை, மூலம் சுட்டிய மேற்கோள், துணைநூற் பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது. புறநானூற்று அடிகள் இணையத்தில் எங்கும் கிடக்கின்றன. இவற்றை விலக்கும் அமைப்பை (செட்டிங்) போடாமல் மென்பொருளை ஓட்டினால் உங்கள் மேற்கோள் அத்தனையும் ‘திருட்டு’ என்று சிவப்பில் வரும். அமைப்பைத் தொடாமல் ஓட்டிவிட்டு எண்ணை மட்டும் படித்துச் சொல்பவரிடம் வாதாடிப் பயனில்லை. மேற்கோள், துணைநூற் பட்டியல் விலக்குகளைப் போட்டு மறு அறிக்கை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கோப்பைக் கொடுப்பதற்கு முன், வரிக்குள் வரும் மேற்கோள்களுக்கு ஒற்றைக் குறியை எடுத்துவிட்டு இரட்டை மேற்கோள் குறி இடுங்கள். ஒற்றைக் குறியை மென்பொருள் மேற்கோளாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம். இதற்குப் பிறகும் மிஞ்சுவது உங்கள் சொந்தக் கணக்கு. அதை நீங்களேதான் திருத்தி எழுத வேண்டும்.

கடைக்காரர் செய்வது வேறு. பட்டேல் செஸ்ட், பேர் சராய் பக்கம் பைண்டிங்குக்குப் போங்கள், நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். சதவீதத்தை இறக்கித் தருகிறேன் என்பவர் மட்டும் வேண்டாம். ஆங்கில எழுத்துகளுக்குப் பதில் அதே உருவமுள்ள ரஷ்ய எழுத்துகளைப் போடுவார். பக்கத்தைப் படமாக்கி ஒட்டுவார். தமிழ்ப் பகுதியை யூனிகோடிலிருந்து பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார். திரையில் ‘அம்மா’ என்று தெரியும், கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மென்பொருள் அதை எதனோடும் ஒப்பிட முடியாமல் விட்டுவிடும், எண்ணும் இறங்கும். பிறகு அதே கோப்பு, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறும். உங்கள் பெயரோடு எத்தனை வருடமானாலும் அங்கே இருக்கும்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும் ஒலிபெயர்ப்பிலும் இதே கடை வேலைதான் கெடுக்கிறது. தமிழ் லெக்சிகன் அகராதியின் முறையில் ழகரத்துக்கு எல் எழுத்தின் கீழ்க் கோடு, ளகரத்துக்குக் கீழ்ப் புள்ளி. தட்டச்சு செய்பவர் அந்த எழுத்தைத் தேடாமல், வெறும் எல் அடித்து வேர்டின் அடிக்கோடு பொத்தானை அழுத்திவிடுவார். அச்சில் வித்தியாசம் தெரியாது. கோப்பிலிருந்து நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் கோடு உதிர்ந்து, ‘தமிழ்’ ‘தமில்’ ஆகிவிடும். இன்னொன்று, டெல்லியில் பல விதிமுறைத் தாள்கள் சமஸ்கிருதத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே ஏ, ஓ எப்போதும் நெடில் என்பதால் மேற்கோடு போடுவதில்லை. தமிழில் எ, ஒ குறிலும் உண்டு. நெடிலுக்குக் கோடு போட்டே ஆக வேண்டும், யார் அழித்தாலும் திரும்பப் போடுங்கள்.

பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் பிடிஎஃப்பைத் திறந்து, ஒரு தமிழ் அடியையும் ஒரு ஒலிபெயர்ப்பு வரியையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். இரண்டும் அப்படியே வந்தால் அச்சுக்கு அனுப்பலாம். கோடு உதிர்ந்தாலோ ஆங்கில விசைகள் வந்தாலோ வேர்டு கோப்புக்கே திரும்புங்கள்.