தண்ணீரே இல்லாத வெயிலில் சில செடிகள் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

போன மே மாதம் இருபது நாள் ஊரில் இல்லை. விருதுநகர் வெயில், மொட்டை மாடி, தண்ணீர் ஊற்ற ஆளில்லை. திரும்பி வந்து பார்த்தால் ரோஜா வெறும் குச்சி, துளசி சருகு. ரணகள்ளி மட்டும் நேற்றுத்தான் தண்ணீர் குடித்ததுபோல் நின்றது.

தடித்த இலையில் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சேர்த்ததைச் செலவழிக்காமல் இருக்க வேண்டுமே, சூட்சுமம் அங்கேதான். இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. கரியமில வாயு உள்ளே வருவது அவற்றின் வழியாகத்தான். தண்ணீர் ஆவியாகிப் போவதும் அதே வழிதான். ரோஜா பகலில் திறக்கிறது, நஷ்டப்படுகிறது. ரணகள்ளி ராத்திரியில் திறக்கிறது. உள்ளே வந்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி வைத்துக்கொள்ளும். ஆப்பிளுக்குப் புளிப்பு தருவதும் இதே அமிலம்தான். விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, அந்தக் கையிருப்பை வைத்தே பகல் முழுக்கச் சமையல். கற்றாழை, அன்னாசி எல்லாம் இதே கட்சி.

இதை நாக்காலேயே கண்டுபிடித்தவர் ஒருவர் உண்டு. தரங்கம்பாடிக்குச் சமயப் பணிக்காக வந்த ஜெர்மானியர் பெஞ்சமின் ஹெய்ன். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சப்பென்று இருக்கிறது, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று அவர் எழுதிய கடிதம் 1815-இல் லண்டனில் இயற்கை ஆய்வாளர்கள் நடத்தும் லின்னேயன் சங்கத்தின் இதழில் அச்சானது. காரணம் புரிய நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

நானும் செய்து பார்த்தேன். காலை ஆறு மணிக்கு ஒரு துணுக்கு, சாயங்காலம் ஒரு துணுக்கு. வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. கடித்துத் துப்பினால் போதும், விழுங்க வேண்டாம்.

இதில் ஒரு குறையும் உண்டு. ராத்திரி சேர்த்த அளவுக்குத்தான் பகலில் வேலை நடக்கும், அதனால் பொதுவாக இந்த வகைச் செடிகளின் வளர்ச்சி மெதுவு. சீமைக்கருவேலம் வேறு ரகம். சிக்கனம் எல்லாம் அதற்குக் கிடையாது, வேரை இறக்கிக்கொண்டே போகும். அதன் உறவுக்கார மரம் ஒன்றின் வேரை அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள்.

திருகுகள்ளியோ இலையையே கைகழுவிவிட்டது. துளிர்க்கிற துளி இலையும் சீக்கிரம் உதிர்ந்துவிடும், பச்சைத் தண்டுதான் எல்லா வேலையும் பார்க்கும். அதுவும் ராத்திரிக் கட்சிதான் என்று ருசி பார்க்கப் போய்விடாதீர்கள். அதன் பால் வாயைப் புண்ணாக்கிவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.