வளைத்து மாட்டிய ஹீட்டர் கோர்: பணம் திரும்புமா?

கேள்வி: 1967-இல் தயாரான, ஏசி இல்லாத என் காருக்கு இணையத்தில் அலுமினிய ஹீட்டர் கோர் (காருக்குள் வெப்பக் காற்று தரும் சிறு ரேடியேட்டர்) வாங்கினேன். ‘அப்படியே பொருந்தும்’ என்று விளம்பரத்தில் இருந்தது. குழாய்கள் சரியாக வராததால் மெக்கானிக் லேசாக வளைத்து மாட்டினார். மூன்றே வாரத்தில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிந்து கார்ப்பெட் நனைந்துவிட்டது. ‘மாட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை’ என்கிறார் விற்றவர். என்ன செய்யலாம்?

பதில்: ‘லேசாக வளைத்து’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் வழக்கின் ஓட்டை.

சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்பது விற்பனைச் சட்டத்தின் பாலபாடம். மாடல், ஆண்டு, ஏசி இல்லாதது ஆகியவற்றை வாங்கும் முன்பே எழுத்தில் தெரிவித்திருந்தால் உங்கள் கை இன்னும் ஓங்கும். ஏசி உள்ள வண்டிக்கும் இல்லாததற்கும் கோர் வேறுபடுவது பழைய கார்களில் சகஜம். ஆனால் பொருந்தவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகும் மாட்டியதால், பொருளை ஏற்றுக்கொண்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

ஆகவே, கசிவு எந்த இடத்தில் என்பதே முக்கியம். குழாய் வந்து சேரும் மூட்டில் என்றால், வளைத்ததால் விரிசல் என்பார்கள். உங்களைக் கேட்காமல் வளைத்திருந்தால் மெக்கானிக்கும் பொறுப்பாளி. கோரின் துடுப்புகளுக்கு (மெல்லிய தகடுகளுக்கு) நடுவே என்றால் தயாரிப்புக் குறை என்ற வாதம் நிற்கும். வேறொரு பட்டறையில் சோதித்து, முடிவை எழுதி வாங்குங்கள்: ஒரு குழாயை அடைத்து, மறு குழாய் வழியாக ரேடியேட்டர் மூடியில் குறித்துள்ள அழுத்தத்துக்கு மேல் போகாமல் காற்று ஏற்றி, தண்ணீரில் முக்கினால் குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். தேதி குறித்து விற்றவரையும் அழையுங்கள். வராவிட்டால் அதுவும் உங்களுக்குச் சாதகமே. அதுவரை கசிவடைப்பான் ஊற்றாதீர்கள், ஓட்டையைப் பற்றவைத்து மூடாதீர்கள். வண்டியில் முன்பு இருந்த பழைய கோரையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பழையது, புதியது இரண்டையும் அருகருகே வைத்து, குழாய்மேல் காலிபர் (விட்டம் அளக்கும் கருவி) இருக்கும்படி படம் எடுங்கள். 19 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 16 மி.மீ. இருந்தால் அந்த ஒரு படமே பாதி வழக்கு.

‘உங்கள் வண்டியின் எர்த் சரியில்லை, மின்னரிப்பில் ஓட்டை விழுந்தது’ என்றும், அதாவது கூலன்ட் வழியாக மின்சாரம் பாய்ந்து உலோகத்தை அரித்தது என்றும் சொல்வார்கள். முந்திக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆறியபின் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை உலோகத்தில் படாமல் ரேடியேட்டர் வாய்க் கூலன்ட்டிலும் வையுங்கள். விளக்கு, ஃபேன் எல்லாம் போட்டும் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் அந்த வாதம் நொண்டும்.

நஷ்டம் மேலும் பெருகாமல் தடுப்பதும் உங்கள் கடமை. கோருக்கு வரும் இரு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்துக் கோரைத் தவிர்த்து ஓட்டுங்கள். விட்டம் வேறானால் படி இணைப்பான் (இரு முனையும் வெவ்வேறு அளவுள்ள இணைப்பு) போதும். பிறகு பொருளின் விலை, கழற்றி மாட்டிய கூலி, கார்ப்பெட் மூன்றையும் தனித்தனியாகக் காட்டி, பதில் தரத் தேதி குறித்து நோட்டீஸ் அனுப்புங்கள்.

அடுத்த கோர் வாங்கும்போது நீளம், அகலம், தடிமன், இரு குழாய்களின் வெளிவிட்டம், அவை திரும்பும் பக்கம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பி, ‘பொருந்தும்’ என்ற பதிலை வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். வந்ததும் டேஷ்போர்டைப் பிரிக்கும் முன் அதே குமிழிச் சோதனை. பழையது செம்பு-பித்தளையாக இருந்து, தொட்டிகளும் குழாய்களும் நன்றாக இருந்தால், ரேடியேட்டர் பட்டறையில் உள்கூட்டை (துடுப்புகள் உள்ள நடுப்பகுதியை) மட்டும் மாற்றித் தருவார்கள். வளைக்க வேண்டிய பேச்சே வராது.