மதுரையில் இரண்டு நாள்: நடை சாத்தும் நேரம் பார்த்துத் திட்டமிடுங்கள்

கேள்வி: வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் கிளம்பி, ஞாயிறு இரவு அதே ரயிலில் திரும்புகிறோம். நானும் மனைவியும், 10 வயது மகனும், 67 வயது அம்மாவும் போகிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி, சர்க்கரை இரண்டும் உண்டு. சனிக்கிழமை அசைவம் தொடமாட்டார். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், ஜிகர்தண்டா, கறிதோசை எல்லாம் இந்த இரண்டு நாளில் அடங்குமா? அறை எங்கே எடுப்பது?

பதில்: தாராளமாக அடங்கும். மதுரையில் நீங்கள் கேட்ட இடங்கள் எல்லாமே பக்கம் பக்கம்தான். தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஆளைக் கவிழ்ப்பது நேரம். கோயில் நடை பகல் 12.30 மணிவாக்கில் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். காலையில் ஆற அமரக் குளித்து, டிபன் முடித்து, 11 மணிக்கு வரிசையில் போய் நிற்பவர்கள்தான் பாதியில் திரும்புகிறார்கள். சாப்பாட்டுக்கும் இதே கதை. அயிரை மீன் குழம்பு மதியத்தோடு தீர்ந்துவிடும், கறிதோசைக் கல் சூடேறுவது பொழுது சாய்ந்த பிறகு. அதனால் கடிகாரத்தை முதலில் வைத்து, இடங்களை அதற்குள் பொருத்துங்கள்.

அறையை ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் எடுங்கள். மேற்குப் பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன் ஹால் ரோடு, மேல மாசி வீதி என எங்கே கிடைத்தாலும் சரி. நிலையத்திலிருந்து மேலக் கோபுரம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். இந்தப் பகுதி லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. காலை 6 மணிக்குச் சாவி வாங்கினால் மறுநாள் காலை 6 மணிக்குக் கணக்கு முடிந்துவிடும். பகல் 12 மணிக் கணக்கு வைத்திருக்கும் ஓட்டலில் விடியற்காலையில் போய் நின்றால் முந்தின இரவுக்கும் சேர்த்து வாடகை கேட்பார்கள். உங்களுக்கு 24 மணி நேர லாட்ஜ்தான் தோது. இரண்டு அறை எடுத்து, ஞாயிறு காலையில் ஒன்றைக் காலி செய்துவிட்டு, மற்றொன்றை இரவு வரை வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்காரருக்கு மதியம் கால் நீட்டிப் படுக்க ஓர் இடம் இல்லாமல் மதுரை வெயிலில் இரண்டு நாள் சுற்ற முடியாது. இந்தச் செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஊரின் அமைப்பு எளிது. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுரங்கள். வெளி வீதிகள் இருக்கும் இடத்தில்தான் ஒரு காலத்தில் கோட்டை மதில் நின்றது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடித்து ஊரை விரித்தார். ஆட்டோக்காரரிடம் ‘மாசி வீதி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கீழ, மேல, தெற்கு, வடக்கு எது என்று சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் எதிர்ப்பக்கம் இறங்கி முக்கால் ஊரைச் சுற்ற நேரிடும். சித்திரை வீதிக்குள் வண்டிக்கு அனுமதி இல்லை. கிழக்குப் பக்கம் எவ்வளவு கிட்டத்தில் விட முடியுமோ அங்கே இறக்கிவிடச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலை 7 மணிக்குக் கோயிலில் இருங்கள். செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது. 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபம் தீப்பற்றியபின் வந்த கட்டுப்பாடு இது. வாசலில் பாதுகாப்பு அறை உண்டு, ஆனாலும் அறையிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. திரும்ப வாங்கும் வரிசை மிச்சம். போன் இல்லையென்றால் பணம் செலுத்தும் வழியும் இல்லை என்பது பலருக்குக் கவுண்டருக்கு வந்த பிறகுதான் உறைக்கிறது. கட்டண தரிசனச் சீட்டு, பிரசாதம், ஆயிரங்கால் மண்டப நுழைவு எல்லாவற்றுக்கும் 10, 50, 100 ரூபாய்த் தாள்களாகக் கையில் வைத்திருங்கள். ஒருவராவது கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். யாராவது பிரிந்துபோனால் சேரும் இடத்தை முன்பே பேசி வையுங்கள். பொற்றாமரைக் குளத்தின் படிக்கட்டு எல்லோருக்கும் கண்ணில் படும் இடம்.

செருப்பை எந்த வாசலில் விடுகிறீர்களோ அதே வாசலில்தான் வெளியே வர வேண்டும். உள்ளே நடக்க நடக்கத் திசை மறந்து தெற்கு வாசலில் வெளிவந்து, கிழக்கு வாசலுக்குத் தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடுகிறவர்கள் தினமும் உண்டு. திறந்த வெளியில் உள்ள கல்தளமும் 10.30க்கு மேல் பாதத்தைச் சுடும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சூடு தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். 7 மணிக்குப் போகச் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் வாசலிலேயே கேளுங்கள்; உள்ளே போன பிறகு கேட்டால் தாமதமாகும். அரைக்கால் சட்டை மகனுக்கும் வேண்டாம்.

மதுரையில் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் சுவாமியிடம் போவது. அம்மன் சந்நிதிக்கு நேரான அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்தால் பொற்றாமரைக் குளம், கிளிக்கூட்டு மண்டபம், அம்மன், பிறகு முக்குறுணி விநாயகர், சுவாமி என்று பாதை தானாகவே அமையும். சுவாமி சந்நிதியில் வெள்ளியம்பலத்து நடராசரை மகனுக்குக் காட்டுங்கள். மற்ற ஊர்களில் இடது காலைத் தூக்கி ஆடுபவர், இங்கே வலது காலைத் தூக்கியிருப்பார். அடுத்து கம்பத்தடி மண்டபத்துத் திருக்கல்யாணச் சிற்பம். தாரை வார்த்துக் கொடுக்கும் பெருமாள், தலை குனிந்த மீனாட்சி, பிடித்த கை இவற்றை ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கடைசியில் ஆயிரங்கால் மண்டபம். தூண்கள் உண்மையில் 985. இவ்வளவுக்கும் மூன்று மணி நேரம் ஆகும். பௌர்ணமி, பிரதோஷம், ஐயப்ப சீசன் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாடு, தூக்கம். 3 மணிக்கு மகால். 1636இல் கட்டிய அரண்மனையில் இன்று நிற்பது ஒரு பகுதிதான். அதுவே அண்ணாந்து பார்க்க வைக்கும். சொர்க்க விலாசம் என்னும் தர்பார் மண்டபத்தின் குவிமாடத்துக்கு நேர் கீழே நின்று மேலே பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டே இந்தக் குவிமாடத்தை எழுப்பியிருக்கிறார்கள். மகாலை மாலை 5 மணியோடு மூடிவிடுவதால் அதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

அங்கிருந்து பத்துத்தூண் சந்து வழியாக நடங்கள். அரண்மனையின் மிச்சமான பத்துக் கல்தூண்கள் வீடுகளுக்கும் துணிக்கடைகளுக்கும் நடுவே நிற்கும். சுங்குடிச் சேலை வாங்க இந்தச் சுற்றுப்பக்கம்தான் சரி. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த அசல் சுங்குடியில் புள்ளிகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. முடிச்சு இருந்த இடத்தில் துணி சின்னதாகக் குமிழ்ந்திருக்கும், விரலால் தடவினால் தெரியும். புள்ளி எல்லாம் ஒரே அளவு, துணியின் பின்பக்கம் நிறம் வெளுப்பு என்றால் அது அச்சு. அச்சுச் சேலையும் கட்ட நன்றாகத்தான் இருக்கும், விலை மட்டும் அச்சு விலையாக இருக்க வேண்டும்.

சந்து முடிந்து கொஞ்சம் நடந்தால் விளக்குத்தூண். ஜிகர்தண்டா இங்கே. இரவெல்லாம் ஊறிக் கண்ணாடித் துண்டுபோல் உப்பிய பாதாம் பிசின், சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், மேலே பால் சுண்டிச் செய்த ஐஸ்கிரீம். ‘ஸ்பெஷல்’ கேட்டால் பாசுந்தியும் சேரும். சாப்பாட்டின்மேல் குடித்தால் திகட்டிப் பாதியில் வைத்துவிடுவீர்கள். 5 மணி வெறும் வயிறுதான் இதற்கு நேரம். அம்மாவுக்குத் தனிக் கிளாஸ் வேண்டாம், உங்கள் கிளாஸில் இரண்டு வாய் போதும். இதில் இனிப்புக் குறைக்க வழியில்லை, பாலிலேயே சர்க்கரை இருக்கிறது.

சனி இரவு 8.30க்குக் கோயிலுக்கு மறுபடியும் போங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எங்கள் பார்வையில் பயணத்தின் உச்சமே இதுதான். 9 மணிக்கு மேல் சுந்தரேசுவரரின் திருப்பாதம் பல்லக்கில் அம்மன் பள்ளியறைக்கு எழுந்தருளும். காலை நெரிசல் அப்போது இருக்காது, ஓதுவார் பாட்டு கேட்கும், கல்தளமும் குளிர்ந்திருக்கும். அம்மா களைத்திருந்தால் காலைச் சுற்றைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள். வெளியே வரும்போது 10 மணி ஆகும். அந்த நேரத்திலும் மதுரையில் ஆவி பறக்கும் இட்லியும் நாலு வகைச் சட்னியும் கிடைக்கும்.

ஞாயிறு கிழக்குப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். காலை 9.30க்குக் கார் எடுத்தால் 10 மணிவாக்கில் கீழடி அருங்காட்சியகம்; சுமார் 12 கிலோமீட்டர், 2023 மார்ச்சில் திறந்தது. செட்டிநாட்டு வீட்டுப் பாணித் தாழ்வாரங்கள், நிழல் உண்டு. மகனை ‘ஆதன்’ என்று பழைய தமிழ் எழுத்தான தமிழியில் கீறிய பானை ஓட்டின் முன் நிறுத்துங்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒருவரின் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கும் வாய்ப்பு எல்லா ஊரிலும் கிடைக்காது. அழகர்கோயிலையும் திருப்பரங்குன்றத்தையும் இதே நாளில் திணிக்காதீர்கள்; இரண்டும் வேறு வேறு திசை, அங்கும் பகலில் நடை சாத்துவார்கள்.

மதியம் 12.30க்கு முன் மெஸ்ஸில் உட்காருங்கள். ஞாயிறு என்பதால் 1 மணிக்கு மேல் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கும். அயிரை இருந்தால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன். உயிரோடு பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்து, முழுசாகக் குழம்பில் போடுவார்கள். சுக்கா, குடல், எலும்பு ரோஸ்ட், கோலா உருண்டை எல்லாம் தட்டில் அடுக்கி மேசைக்கே வரும். எடுத்து வைத்ததெல்லாம் பில்லில் ஏறும், சாப்பாட்டு விலையில் சேராது. விலை கேட்டுக் கை வையுங்கள், கேட்பதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மாலை 5 மணிக்கு வண்டியூர் தெப்பக்குளம். படியில் உட்கார்ந்தால் மைய மண்டபமும் காற்றும் போதும், அம்மா நடக்கவே வேண்டாம். 6.45க்குச் சிம்மக்கல் பக்கம் கறிதோசை: ஊத்தப்பம் கனத்துக்கு மாவு, மேலே முட்டை, அதன்மேல் வெந்த ஆட்டுக்கறி மசாலா, திருப்பிப் போட்டு மொறுகவிடுவது. ஒரு தோசை இரண்டு பேருக்குக் காணும். ரயில் 9 மணிக்கு மேல் என்பதால் 8 மணிக்குள் எழுந்துவிடுங்கள்.

மல்லிகையைக் கடைசியாக வாங்குங்கள். விரிந்த பூ காலையில் பழுத்துவிடும், இறுகிய மொட்டுச் சரமாகக் கேளுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்துக் கறுக்கும். வாழையிலையில் சுற்றி, லேசாக நனைத்த துணியில் பொதிந்து, பெட்டிக்குள் திணிக்காமல் மேலாக வையுங்கள். முகூர்த்த நாளென்றால் முழம் விலை மளமளவென்று ஏறும், அன்றைக்கு இரண்டு முழத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.