கணிதமா, டேட்டா சயின்ஸா, நர்சிங்கா?

குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் பால்வெட்டுத் தொழில் செய்யும் ஒரு தந்தை எழுதியிருக்கிறார். பிளஸ் டூவில் கணிதம், உயிரியல் இரண்டும் படித்த அவருடைய மகள் பி.எஸ்சி. கணிதம் படிக்க விரும்புகிறாள். நர்சிங் படித்தால் வளைகுடா நாட்டுக்குப் போய்விடலாம் என்கிறார்கள் உறவினர்கள்; விசாரிக்கப் போன கல்லூரியிலோ பி.எஸ்சி. டேட்டா சயின்ஸை (தரவு அறிவியல்) பரிந்துரைத்திருக்கிறார்கள். எதில் சேர்ப்பது என்பது அவருடைய கேள்வி.

நர்சிங் நல்ல தொழில்தான். ஆனால் நான்கு ஆண்டுப் படிப்பை முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த பிறகும், வெளிநாடு செல்லப் பணி அனுபவமும் அந்தந்த நாட்டின் உரிமத் தேர்வும் தேவைப்படும். நோயாளியின் அருகில் இரவெல்லாம் விழித்திருக்க மனம் ஒப்பாத பிள்ளையை அதில் சேர்க்க வேண்டாம்.

கணிதத்தைப் பொறுத்தவரை ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: மூன்றாண்டு பட்டம் மட்டுமே கையில் வேலையைத் தந்துவிடாது. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டுமானால் பி.எஸ்சி. 3, எம்.எஸ்சி. 2, பி.எட். 2 என ஏழு ஆண்டுகள் படித்து, அதன்பின் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுத வேண்டும். அவ்வளவு காலம் குடும்பம் தாங்குமா என்று இப்போதே கணக்கிடுங்கள். தாங்காதென்றால் இரண்டாண்டு எம்.சி.ஏ. என்னும் கணினிப் பயன்பாட்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது, வங்கித் தேர்வுகள், எந்தப் பட்டதாரியும் எழுதக்கூடிய டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 பணிகள் ஆகியவையும் இருக்கின்றன. நன்றாகப் படிப்பவளென்றால் ஜாம் தேர்வெழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரவும் வழியுண்டு.

டேட்டா சயின்ஸ் குறித்துத்தான் பெற்றோர் பலர் போதிய விவரம் அறியாமல் பணம் கட்டிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் அதே பாடத்தில், அல்லது அதற்கு இணையானது என்று அரசு ஏற்றுக்கொண்ட பாடத்தில் இருக்க வேண்டும் என்பதால், புதிய பெயர் கொண்ட பட்டம் எதற்கு இணையானது என்று கூறும் அரசாணை உண்டா என்பதைச் சேருமுன் கல்லூரியில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். பருவவாரியான பாடத்திட்டத்தையும் வாங்கிப் பாருங்கள். நிகழ்தகவு, புள்ளியியல், நேரியல் இயற்கணிதம் ஆகியவை போதிய அளவில் இல்லாமல் மென்பொருள் பயிற்சி மட்டுமே நிறைந்திருந்தால், அந்தப் பட்டத்தின் அடித்தளம் மெலிந்தது. கணிதம் படித்தவர் பின்னாளில் டேட்டா சயின்ஸுக்கு மாறலாம். அங்கிருந்து கணிதத்துக்குத் திரும்புவது கடினம். எனவே, மகளின் விருப்பம் உறுதியானதென்றால், என் பரிந்துரை கணிதமே.

அந்த உறுதியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பள்ளிக் கணிதத்தில் பெரும்பாலும் விடை காண்கிறோம். கல்லூரிக் கணிதத்தில் ஒரு கூற்று ஏன் உண்மை என்று நிறுவ வேண்டும். பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை நிறுவச் சொல்லி ஒரு தாளை மகளிடம் கொடுங்கள். தடுமாறினால், 2, 3, 5 மூன்றையும் பெருக்கி 1 கூட்டினால் வரும் 31-ஐ அம்மூன்றில் எதனால் வகுத்தாலும் மீதி 1 வருவதை மட்டும் காட்டிவிட்டு, மேற்கொண்டு அவளையே யோசிக்க விடுங்கள். விடை கிடைக்காவிட்டாலும் மறுநாள் அந்தத் தாளை அவளாகவே மீண்டும் எடுக்கிறாளா என்று பாருங்கள்.