சாட்சிக் கூண்டுப் பக்கம் கேமரா வேண்டாம்

அன்புள்ள ஐயா,

நீதிபதி வக்கீலைத் திட்டுகிறார், வக்கீல் எதிர்த்துப் பேசுகிறார் என்று ஒரு நிமிடத் துண்டு வீடியோக்கள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் வருகின்றன. வக்கீல் குமாஸ்தாவாக நாற்பது வருடம் கோர்ட்டுக்குப் போய்வந்த என் அப்பா இதைப் பார்த்து நொந்துபோகிறார். கோர்ட்டை டிவி சீரியல் ஆக்கிவிட்டார்கள், கேமராவையே எடுத்துவிட வேண்டும் என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவின் வருத்தம் புரிகிறது. ஆனால் கேமராவை எடுக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அது யாரைப் பார்க்கலாம் என்பதில்தான் நாம் கறாராக இருக்க வேண்டும். நீதிபதியையும் வக்கீலையும் நன்றாகப் பார்க்கட்டும், சாட்சி சொல்ல வருகிறவர் பக்கம் திரும்பவே வேண்டாம்.

2023 ஆகஸ்டிலும் செப்டம்பர் தொடக்கத்திலுமாக, ஜம்மு காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து பற்றிய 370ஆவது பிரிவு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 16 நாட்கள் நடந்தது. முடிந்தபோதெல்லாம் நேரலையில் உட்கார்ந்து பார்த்தேன். மூத்த வக்கீல் ஒருவர் ஒரு மணி நேரம் கட்டி எழுப்பிய வாதத்தை நீதிபதி ஒரே கேள்வியில் அசைத்துப் பார்ப்பதும், வக்கீல் சற்று நிறுத்தி, தாளைப் புரட்டி, வேறு பக்கமாக வருவதும், நான் அதுவரை பார்த்தே இராத ஒன்று. மறுநாள் பத்திரிகையில் அது நாலு வரிச் செய்தி. டெல்லிக்கு ரயில் ஏறிப் போனாலும், பாஸ் வாங்கி உள்ளே நுழைந்து உட்கார எத்தனை பேருக்கு இடம் கிடைக்கும்? திங்கள், வெள்ளிக் கிழமைகளில் பயிற்சி மாணவர்களையே உள்ளே விடுவதில்லை என்று ஒரு சட்டக்கல்லூரி மாணவர் போட்ட மனுவும் சேர்ந்துதான் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பு வந்தது, நேரலை வேண்டும் என்று. அதை நடைமுறைப்படுத்த உச்ச நீதிமன்றத்துக்கே நாலு வருடம் பிடித்தது. குஜராத் உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே 2020 அக்டோபரில் யூடியூபில் தொடங்கிவிட்டது.

சரி, துண்டு வீடியோ. 2024 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் பெங்களூரின் ஒரு பகுதியைப் பாகிஸ்தான் என்று சொன்ன காட்சி நாடு முழுவதும் பரவியது. பெண் வக்கீல் ஒருவரிடம் அவர் பேசிய விதமும் வெளியே வந்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, நீதிபதி வருத்தம் தெரிவித்தார். வெளிச்சத்துக்கு விடை இன்னும் வெளிச்சம்தான், கதவை அடைப்பது வழியாகாது என்ற பொருளில் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் பேசினார். அந்த கர்நாடக நீதிபதியின் சொல் கேமரா இல்லாத அறையில் விழுந்திருந்தால், அங்கே இருந்த சிலரோடு அமுங்கிப் போயிருக்கும். உங்கள் அப்பா அந்த நாற்பது வருடத்தில் இப்படி எத்தனை சொற்களைக் கேட்டிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

ஆனால் கீழ்க் கோர்ட்டு வேறு உலகம். எங்கள் குடும்பத்துப் பாகப்பிரிவினை வழக்கில் நான் ஒருமுறை கூண்டில் ஏறியிருக்கிறேன். வழக்கு பெரிதாக ஒன்றும் இல்லை, நாலு சென்ட் நிலம். எதிர்த் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் என் தாத்தா இறந்த வருடத்தைக் கேட்டார், தெரிந்த வருடம்தான், வாயில் வரவில்லை. அறையில் இருந்த இருபது பேர் பார்த்ததற்கே என் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊர் முழுக்க, உறவு முழுக்க, முகம் தெரியாதவர்கள் லட்சம் பேர் பார்க்கிறார்கள் என்றால் நான் ஏறியிருக்கவே மாட்டேன். நிலத்துக்கே இப்படி என்றால், கண்ணெதிரே கொலையைப் பார்த்த ஒரு கூலித் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள், அதுவும் குற்றவாளியின் ஆட்கள் அதே தெருவில் இருக்கும்போது. அப்புறம் இன்னொன்று, அடுத்து வரப்போகும் சாட்சி முந்தைய சாட்சி சொன்னதைக் கேட்கக் கூடாது என்றுதான் வெளியே உட்கார வைக்கிறார்கள். நேரலை வந்துவிட்டால் அவர் வராந்தாவில் செல்போனிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிடுவாரே!

அமெரிக்காவில் இது முன்பே நடந்திருக்கிறது. இல்லாத உரத் தொட்டிகளைக் காட்டிக் கடன் மோசடி செய்த பில்லி சோல் எஸ்டெஸ் என்பவரின் டெக்சாஸ் வழக்கில், ஆரம்பக்கட்ட விசாரணையிலேயே பன்னிரண்டு கேமராக்காரர்களாவது கோர்ட்டுக்குள் நின்றார்கள், தரையெல்லாம் கேபிள். 1965இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், நியாயமான விசாரணை நடக்கவில்லை என்று தண்டனையையே ரத்து செய்தது. 1981இல் அதே நீதிமன்றம் மாநிலங்கள் விரும்பினால் அனுமதிக்கலாம் என்றது வேறு கதை. இப்போது கேமரா தீப்பெட்டி அளவுதான், கேபிள் இல்லை. ஆனால் கூண்டில் நிற்பவரின் பயம் கேபிளால் வந்தது மட்டும் இல்லையே.

நம் 2018 தீர்ப்பும் குடும்ப வழக்குகளையும் பாலியல் குற்ற வழக்குகளையும் விலக்கித்தான் வைத்தது. அந்த விலக்கை, சாட்சி வாய் திறக்கும் எல்லா விசாரணைக்கும் நீட்ட வேண்டும் என்பது என் கட்சி.

துண்டுகளுக்கு நான் கேட்பது, முழுப் பதிவையும் யாரும் தேடி எடுக்கும்படி வழக்கு எண்ணோடு நீதிமன்றமே வைத்திருக்க வேண்டும், கூடவே எழுத்து வடிவமும் வேண்டும், அது தமிழிலும் வேண்டும். உயர் நீதிமன்றத்தில் பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும்போது, என் அம்மாவுக்கு நேரலையில் தெரிவது கறுப்புக் கோட்டும் கையசைப்பும்தான். அவருக்குப் புரியும் தமிழில் கிடைப்பது, எவரோ வெட்டி, மேலே தலைப்பு ஒட்டி அனுப்பும் அந்த ஒரு நிமிடத் துண்டு மட்டுமே.