கூட்டினால் எத்தனை, துவைத்தால் எத்தனை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 42, உயரம் 154 செ.மீ., எடை 62 கிலோ. போனில் கலோரி ஆப் வைத்திருக்கிறேன். ‘லேசான உழைப்பு’ என்று போட்டதற்கு, எடை குறைய தினம் 1,370 கலோரி சாப்பிடச் சொல்லிற்று. கூட்டுவது, துடைப்பது, துணி, பாத்திரம், சமையல் என்று எல்லாவற்றையும் நேரம் போட்டு ஏற்றினால், 666 கலோரி செலவு என்று காட்டுகிறது. அதில் பாதியைத்தான் கூடுதலாகச் சாப்பிடுகிறேன். மூன்று மாதமாக முள் அசையவில்லை. வீட்டு வேலை உடற்பயிற்சியில் சேராதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் உடம்பு வேலை செய்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஒரே வேலைக்கு இரண்டு தடவை கூலி எழுதிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

அந்த 1,370 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்ப்போம். பெரும்பாலான ஆப்கள் பெண்களுக்குப் போடும் கணக்கு இது: எடையை 10-ஆலும், உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டு. வயதை 5-ஆல் பெருக்கிக் கழி. மேலும் 161 கழி. (ஆண்களுக்கு 161 கழிப்பதற்குப் பதில் 5 கூட்ட வேண்டும்.) உங்களுக்கு 620 + 962.5 – 210 – 161, அதாவது சுமார் 1,212. நாள் முழுக்க அசையாமல் படுத்திருந்தாலும் உடம்பு செலவழிக்கும் தொகை இது. இதை, உட்கார்ந்தே இருப்பவர் என்றால் 1.2-ஆலும், லேசான உழைப்பு என்றால் 1.375-ஆலும் பெருக்குவார்கள். உங்களுக்கு 1,212 × 1.375 = 1,666. எடை குறைய அதில் 300 கழித்து 1,370 என்று சொல்லியிருக்கிறது. ஆக, 1.375 என்று பெருக்கிய அந்த இடத்திலேயே உங்கள் விளக்குமாறும் ஈரத்துணியும் கணக்கில் ஏறிவிட்டன.

அதற்கு மேல் 666-ஐயும் ஏற்றி, பாதியான 333-ஐச் சாப்பிட்டால், நாளுக்கு 1,703 ஆகிறது. செலவு 1,666. முள் எப்படி அசையும்?

அந்த 666-லேயே இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ‘மெட்’ எண் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவை 1 என்று வைத்து, அந்த வேலைக்கு அதைப் போல எத்தனை மடங்கு ஆகிறது என்று சொல்லும் எண். வீடு கூட்டுவது சுமார் 3.3, நின்றபடி மாப் போடுவது 3.5, கையால் துணி துவைப்பது 4. பாத்திரம் கழுவுவது 1.8, அடுப்படியில் சாதாரணச் சமையல் 2. மெட் எண்ணை எடையாலும் மணி நேரத்தாலும் பெருக்கினால் கலோரி. நீங்கள் எழுதிய பட்டியலில் கூட்டுவது 25 நிமிடம், துடைப்பது 20, துவைப்பது 30, பாத்திரம் 40, சமையல் இரண்டரை மணி நேரம். பெருக்கிக் கூட்டினால் 666 சரியாக வருகிறது.

முதல் ஓட்டை: அந்த நான்கரை மணி நேரமும் நீங்கள் சும்மா இருந்திருந்தாலும் ஆகியிருக்கும் செலவு இதற்குள் இருக்கிறது. ஒவ்வொரு மெட்டிலும் 1-ஐக் கழித்தால்தான் வேலைக்கான அசல் செலவு. கழித்தால் 392. அதில் 155 சமையல். அது நேரத்தால் சேர்ந்ததே தவிர வேகத்தால் சேர்ந்தது அல்ல.

இரண்டாவது ஓட்டை அதிகம் பேர் கவனிக்காதது. 1 மெட் என்றால் கிலோவுக்கு மணிக்கு 1 கலோரி என்று வைத்திருக்கிறார்கள். அப்படியானால் உங்கள் ஓய்வுச் செலவு 62 × 24 = 1,488 வர வேண்டும். மேலே பார்த்தோம், 1,212-தான். நடுவயதில், குள்ளமான, கொழுப்புச் சதை கொஞ்சம் கூடிய பெண்களுக்கு இந்த எண் எப்போதும் தூக்கலாகவே வரும். அந்த விகிதத்தில் இறக்கினால் 392 என்பது 320 பக்கம் வந்து நிற்கும். ஆப்பின் 666-ல் பாதிகூட இல்லை.

இனி செய்ய வேண்டியது: ‘லேசான உழைப்பு’ அப்படியே இருக்கட்டும். தினசரி வேலை எதையும் ஏற்றாதீர்கள். அந்த 333-ஐ விட்டுவிடுங்கள். வழக்கத்துக்கு மேலே செய்தால் மட்டும், உதாரணமாக ஒரு நாள் பரண் இறக்கி ஒட்டடை அடித்தால், குறித்துக்கொள்ளலாம். அதையும் சாப்பிட்டு ஈடுகட்ட வேண்டாம். காலையில் கழிப்பறை போய்வந்து, காபிக்கு முன்னால் எடை பாருங்கள். ஒரு நாள் எடையை நம்பாதீர்கள், வாரச் சராசரிதான் பேசும். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் உடம்பில் நீர் தங்கி ஒரு கிலோகூட ஏறும், அது கொழுப்பு அல்ல. நான்கு வாரம் ஆகியும் சராசரி இறங்கவில்லை என்றால் அப்போது இன்னும் 100 குறையுங்கள்.

அதற்கு முன்னால் எண்ணெய்க் கணக்கு பாருங்கள். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ, கிராமுக்கு 9 கலோரிதான். ஒரு லிட்டர் பாக்கெட்டில் சுமார் 910 கிராம், ஏறக்குறைய 8,190 கலோரி. நாலு பேர் வீட்டில் மாதம் மூன்று லிட்டர் ஆனால், தலைக்குத் தினம் 200-க்குக் கொஞ்சம் மேலே. பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வைத்தால் போதும், தோசைக்கு விட்டதை ஒவ்வொரு கரண்டியாக எழுத வேண்டியதில்லை. உப்புப் பார்க்க, புளி பார்க்க என்று அடுப்படியில் வாயில் போவதும் எந்த ஆப்பிலும் ஏறுவதில்லை.

கேள்வி: நான் வாக்கிங் கிளம்பினாலே மாமியார், “நாங்கள்லாம் எந்த ஜிம்முக்குப் போனோம்? வீட்டு வேலைதான் பார்த்தோம், திடமா இல்லையா?” என்கிறார். தினமும் வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தனியாக நடை தேவையா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: மாமியார் சொல்வது அவர் காலத்துக்கு உண்மை. வாசல் முழுக்கச் சாணி தெளித்துக் கூட்டியது, கொல்லைக் கிணற்றில் இறைத்தது, தெருக் குழாயிலிருந்து இடுப்பில் குடம் சுமந்தது, ஆட்டுக்கல்லில் அரை மணி நேரம் குழவி சுற்றியது, அம்மியில் அரைத்தது, உரலில் இடித்தது. தோளும் முதுகும் தொடையும் சேர்ந்து இழுத்த வேலை. இன்றைக்கு அதே பெயரில் நாம் செய்வது வேறு. தமிழ்நாட்டில் 2011-ல் அரசு விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கிய பிறகு ஆட்டுக்கல் பல வீடுகளில் கொல்லையில் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அது போனதற்கு யாரும் அழ வேண்டியதில்லை. தோள்பட்டைக்குக் கிடைத்த வேலையும் கூடவே போயிற்று என்பதை மட்டும் கணக்கில் வைக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் வேலை. வீட்டு வேலையும் இதில் சேரும். முன்பு தொடர்ச்சியாக 10 நிமிடமாவது இருந்தால்தான் கணக்கு என்றிருந்தார்கள். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆகவே ஆறு நிமிடம் மாடிப்படி கழுவியதும் கணக்குதான்.

எது மிதமானது? செய்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. விளக்குமாற்றுடன் நடக்கும்போது ஒரு பாட்டை முழுசாகப் பாடிப் பாருங்கள். மூச்சு வாங்காமல் பாடி முடித்தால் அது லேசான வேலை. சமையல், பாத்திரம், துணி மடிப்பது, இஸ்திரி எல்லாம் அநேகமாக இந்தப் பக்கம்தான் விழும். நாலு மணி நேரம் அடுப்படியில் நின்றால் கணுக்கால் வீங்கும், கால் கடுக்கும். அந்த அசதி உழைப்பினால் வந்தது மாதிரித் தெரிந்தாலும், ஒரே இடத்தில் நின்றதால் வந்தது.

துடைப்பது, துவைப்பது, கொல்லையைக் கூட்டுவது, தண்ணீர் தூக்குவது ஆகியவற்றை வேகமாகச் செய்தால் 150 நிமிடத்தில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். விடுபடுவது தசை வலு. 26 கிலோ அரிசிச் சிப்பத்தை யாரோ ஒருவர் தூக்கி வைத்துவிட்டுப் போகிறார், நாம் படியால் அளந்து எடுக்கிறோம். வாரம் இரண்டு நாள், உயரமான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். ஒரு நிமிடம் இடைவெளி விட்டு இன்னும் இரண்டு சுற்று. திண்ணை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி உடம்பைச் சாய்த்துத் தள்ளுவது பத்து. இது சுலபமானதும் இரண்டு கையிலும் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரலாம்.

நடையை விட வேண்டாம். அதனால் எரியும் கலோரி அதிகம் என்பதற்காக அல்ல. 62 கிலோ ஆளுக்கு அரை மணி நேர நடையின் அசல் செலவு 65 முதல் 80 கலோரிதான். டபரா செட்டில் ஊற்றித் தரும், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி ஒன்றிலேயே அது திரும்பி வந்துவிடும். சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் நடந்தால் ரத்தச் சர்க்கரை ஏற்றம் தணியும், நெஞ்சுக்கும் நல்லது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் உங்களுக்கு அந்த 15 நிமிடம் கிடைக்க வேண்டுமானால், பாத்திரத்தை வீட்டில் வேறு யாராவது தேய்க்க வேண்டியிருக்கும். அதை மாமியாரிடம் அல்ல, அவர் மகனிடம் கேளுங்கள்.

கேள்வி: மகள் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச், சப்பாத்தி மாவு பிசைந்தால் நடந்த அடிகள் என்று ஏற்றுகிறது. குடம் தூக்கி நடந்தால் எண்ணுவதே இல்லை. எதை நம்புவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அதற்குள் இருப்பது மணிக்கட்டின் ஆட்டத்தை உணரும் கருவி. கை வீசினால் அடி என்று நினைக்கும். மாவு பிசைவது, தேங்காய் துருவுவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அதற்கு நடைதான். குடத்தை இடுப்பில் அணைத்தால் கை அசைவதில்லை, எனவே நீங்கள் நிற்கிறீர்கள் என்று முடிவு கட்டுகிறது. நாடித் துடிப்பைப் பார்த்துக் கலோரி போடும் வாட்சுகளுக்கு இன்னொரு கோளாறு: சித்திரை வெயிலில் அடுப்பு முன்னால் நின்றால், உடம்பைக் குளிர வைக்க இதயம் வேகமாக அடிக்கும். வாட்ச் அதை உழைப்பு என்று எழுதிவிடும். அடிகளை நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள், கலோரிப் பக்கத்தைத் திறக்காமலே இருக்கலாம்.

கேள்வி: குனிந்து கோலம் போட்டால், உட்கார்ந்து தரை துடைத்தால் தொப்பை குறையும் என்கிறார்களே?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: குறையாது. எந்த இடம் மடங்குகிறதோ அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்பது உடம்பின் வழக்கம் இல்லை. இடுப்பும் முழங்காலும் முழுசாக மடங்கி நிமிரும் பழக்கம் விட்டுப்போகாது என்பது அதில் உள்ள நன்மை. முழங்காலில் தேய்மானம் இருப்பவர்கள் குத்துக்காலிட்டுத் துடைக்க வேண்டாம், நீளக் கம்பு மாப் போதும். இடுப்புச் சுற்றளவைத் தொப்புள் உயரத்தில் மாதம் ஒரு தடவை அளந்து எழுதி வையுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழே இருப்பது நல்லது.

கேள்வி: குறுவை நடவு சமயம் மூன்று வாரம் தினமும் வயல் வேலைக்குப் போவேன். மற்ற மாதங்களில் வீட்டோடு சரி. வருஷம் பூரா ஒரே அளவு சாப்பிடலாமா?
– வாசகி, ஒரத்தநாடு

பதில்: கூடாது, இரண்டு பக்கமும் தப்பாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் தந்த அளவுகளில் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு, உட்கார்ந்த வேலை என்றால் நாளுக்கு 1,660 கலோரி, மிதமான உழைப்புக்கு 2,130, கடும் உழைப்புக்கு 2,720. நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நடுவதை வீடு கூட்டுவதோடு சேர்த்துப் பேசவே முடியாது. அந்த மூன்று வாரம் சோற்றைக் குறைத்து எடை இறக்கப் பார்க்காதீர்கள். உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ எடுத்துப்போங்கள். முட்டை, சுண்டல், கருவாடு ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும்.

எடை ஏறுவது நடவு முடிந்த பிறகுதான். வேலை நின்ற அன்றைக்கே வயிறு பழக்கத்தை விடுவதில்லை. 100 கிராம் அரிசி என்பது சுமார் 350 கலோரி. மூன்று வேளைக்குமாகச் சேர்த்து 100 கிராம் குறைத்து உலையில் போட்டு, அந்த இடத்தில் கீரையும் காயும் வைத்தால் கடும் உழைப்பு நாளிலிருந்து உட்கார்ந்த நாளுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வழி வந்துவிடும்.

கேள்வி: சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன போகிக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தபோது மதியம் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியது. வீட்டு வேலைக்கு இப்படி வருமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: வரும். பரண் இறக்குவது, வெள்ளையடிப்பது, கட்டில் நகர்த்துவது என்று நாலைந்து மணி நேரம் தொடர்ந்தால், தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அது மேலும் கீழே இறங்கும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. உங்கள் மாத்திரை எது என்று சீட்டைப் பார்த்து, அப்படிப்பட்ட நாட்களில் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தானாக நிறுத்த வேண்டாம்.

அன்றைக்குக் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உட்காருங்கள். நடுக்கம், வியர்வை, படபடப்பு தெரிந்தால் ஏணியிலிருந்து இறங்கி, 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ரத்தச் சர்க்கரை 70-க்குக் (மி.கி./டெ.லி.) கீழேயே இருந்தால் இன்னொரு தடவை. சாக்லேட், பால்கோவா வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். சரியான பிறகு இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுத்தான் மறுபடி ஒட்டடைக் கம்பைத் தொட வேண்டும். அன்று ராத்திரி படுக்கும் முன்னும் ஒரு தடவை சோதியுங்கள். பகலில் உழைத்ததன் இறக்கம் தூக்கத்திலும் வரும்.