மிச்சமாகும் பணம் யாருக்கு?

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் முதல் கார்டு (பந்தை நடத்திச் சென்று ஆட்டத்தை அமைப்பவர்) பெரிய நட்சத்திரமாக இருக்கும்போது, அவர் மூச்சு வாங்க உட்காரும் நேரத்தில் பதினைந்து, இருபது நிமிடம் ஆடுகிறவருக்கு ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுப்பது வீண் செலவு இல்லையா? அவரைப் போகவிட்டு, அந்தப் பணத்தில் கூடைக்கு அருகே ஆடும் உயரமான ஆளை, ஒரு நல்ல சென்டரை, வாங்கலாமே? குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வர எத்தனையோ கார்டுகள் காத்திருக்கிறார்களே?
— ஒரு வாசகர்

பதில்: வாங்க முடியாது. "அந்தப் பணத்தில்" என்று நீங்கள் சொல்லும் பணம் அணியின் கைக்கே வராது. இது புரிந்துவிட்டால் உங்கள் கேள்வியில் பாதி கரைந்துவிடும். ரசிகர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2025-26 சீசனுக்கு ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு என்.பி.ஏ. வைத்த உச்சவரம்பு சுமார் 15.46 கோடி டாலர். கோப்பைக்குப் போட்டி போடும் ஒரு அணியின் மொத்தச் சம்பளம் 18.5 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 1.2 கோடி வாங்கும் இரண்டாம் கார்டைக் கழித்தால் 17.3 கோடி. அப்போதும் அணி வரம்புக்கு மேல்தான் நிற்கிறது. வரம்புக்கு மேல் நிற்கும் அணி, வெளியாள் ஒருவரை அழைத்து வந்து விருப்பம்போல் சம்பளம் பேச முடியாது. சொந்த ஆட்டக்காரருக்கு மட்டும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஒரே அணியில் மூன்று சீசன் ஆடியவரை, வரம்பைத் தாண்டியும் அந்த அணியே மறுபடி ஒப்பந்தம் செய்யலாம். பாஸ்டனின் பழைய நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரால் இதை 'பேர்ட் உரிமை' என்கிறார்கள். அவர் வெளியே போன அன்றே அந்த வாசல் மூடிவிடும். அவர் விட்டுப்போன 1.2 கோடியை வேறொருவருக்குக் கொடுக்க விதி இடம் தராது.

வரம்புக்கு மேல் நிற்கும் அணியும் வெளியாளை எடுக்க ஒரு தொகை தரும் 'மிட்-லெவல்' சலுகை இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்டு. 2025-26-ல் அது சுமார் 1.41 கோடி. ஆனால் கார்டை வைத்துக்கொண்டாலும், 'ஃபர்ஸ்ட் ஏப்ரன்' எனும் 19.59 கோடிக் கோட்டைத் தாண்டாதவரை, அந்தச் சலுகை அணிக்கு உண்டு. அவரை அனுப்பினால்தான் கிடைக்கும் என்பதில்லை. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்ட அணிக்கு அதே சலுகை 57 லட்சமாகச் சுருங்கிவிடும். அந்தப் பணத்துக்கு நீங்கள் ஆசைப்படும் சென்டர் வரமாட்டார். ஆக, கார்டை அனுப்பி மிச்சம் பிடிக்கும் பணத்தில் பெரும்பங்கு உரிமையாளரின் கணக்கில்தான் சேர்கிறது. அவருடைய சிக்கனத்துக்கு ரசிகர் ஏன் வாதாட வேண்டும்?

சென்டர் வேண்டும் என்றால் அதற்கும் வழி இந்தக் கார்டுதான். டிரேடில், அதாவது அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும்போது, அனுப்பும் சம்பளமும் வாங்கும் சம்பளமும் ஓரளவு பொருந்த வேண்டும். குறைந்தபட்சச் சம்பள ஆட்டக்காரர்களை மட்டும் வைத்திருக்கும் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சைக் காட்டி யாரையும் கொண்டுவர முடியாது. பாஸ்டனைப் பாருங்கள். 2023-ல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருது (மாற்றாக வருபவர்களில் சிறந்தவருக்கு) வாங்கிய மால்கம் ப்ராக்டன் அங்கே பெஞ்சிலிருந்து வந்த கார்டு. சம்பளம் 2 கோடிக்கு மேல். அதே ஆண்டு அக்டோபரில் அவரையும் ராபர்ட் வில்லியம்ஸையும் டிராஃப்ட் உரிமைகளோடு (புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகள்) போர்ட்லண்டுக்குக் கொடுத்து ஜ்ரூ ஹாலிடேயை வாங்கினார்கள். அடுத்த ஜூனில் கோப்பை வந்தது. 'பெஞ்ச் ஆளுக்கு இவ்வளவா' என்று ப்ராக்டனை முன்பே கழற்றிவிட்டிருந்தால், ஹாலிடேக்கு ஈடாக எதை வைத்திருப்பார்கள்?

இப்போது டல்லாஸ் கதைக்கு வருகிறேன். இந்தக் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான பதில் என்னிடம் இல்லை.

ஜேலன் ப்ரன்சன் 2018 டிராஃப்டில் 33-வது ஆளாக வந்தவர். நான்கு ஆண்டுக்கும் சேர்த்து அவர் சம்பளம் ஏறத்தாழ 61 லட்சம் டாலர்தான். லூகா டான்சிச் இருக்கும் அணியில் அவர் இரண்டாம் கார்டு. 2020-21 சீசனில்கூடப் பெரும்பாலான ஆட்டங்களில் பெஞ்சிலிருந்துதான் வந்தார். அவருடைய ஒப்பந்தத்தை நான்கு ஆண்டுக்குச் சுமார் 5.5 கோடியில் நீட்டிக்க விதி அனுமதித்தது. 2021-22 சீசன் தொடங்கும்போது டல்லாஸ் நீட்டித்திருக்கலாம். ப்ரன்சன் தரப்பும் ஏற்கத் தயாராக இருந்தது. அணி நிர்வாகம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது.

2022 ஏப்ரலில் பிளே-ஆஃப் (கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்றுகள்) தொடங்கும் வேளையில் டான்சிச்சின் கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டது. யூட்டாவுக்கு எதிரான முதல் மூன்று ஆட்டங்களில் அவர் இல்லை. முதல் ஆட்டம் போனது. இரண்டாவது ஆட்டத்தில் ப்ரன்சன் 41 புள்ளி எடுத்தார். ஒரு டர்ன்ஓவர்கூட இல்லை, பந்தை ஒருமுறைகூட எதிரணியிடம் இழக்கவில்லை. அவரை மறிக்க வந்தவர்களில் பலர் அவரைவிட உயரம். ப்ரன்சன் ஆறடி இரண்டங்குலம்தான். கூடைக்கு அருகே போய் நின்றுவிடுவார். ஒரு காலை ஊன்றிக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு பொய் அசைவு, அந்தப் பக்கம் ஒரு பொய் அசைவு. உயரமானவர் எம்பிக் குதித்துக் கீழே இறங்கும் நேரத்தில் இவர் பந்தை எறிந்திருப்பார். மூன்றாவது ஆட்டத்தில் 31 புள்ளி. டான்சிச் திரும்பி வந்தபோது டல்லாஸ் 2-1 என முன்னிலையில் இருந்தது. அந்த ஆண்டு மேற்கு மாநாட்டு (லீக்கின் மேற்குப் பிரிவு) இறுதி வரை போனார்கள்.

அந்தக் கோடையில் நியூயார்க் நிக்ஸ் நான்கு ஆண்டுக்கு 10.4 கோடி தந்து அவரை அழைத்துக்கொண்டது. டல்லாஸுக்குப் பதிலுக்கு ஒரு ஆளும் கிடைக்கவில்லை, ஒரு டிராஃப்ட் உரிமையும் கிடைக்கவில்லை. அடுத்த சீசன் 38 வெற்றி, 44 தோல்வி, பிளே-ஆஃப் இல்லை. நடுவே அந்தக் காலி இடத்தை நிரப்ப கைரி இர்விங்கை வாங்கினார்கள். அதற்கு ஸ்பென்சர் டின்விடி, டோரியன் ஃபின்னி-ஸ்மித், 2029-ன் முதல் சுற்று டிராஃப்ட் உரிமை என்று கொடுத்தார்கள். நிக்ஸோ 2025-ல், 25 ஆண்டுக்குப் பிறகு, கிழக்கு மாநாட்டு இறுதியில் நின்றது. ப்ரன்சன்தான் அதன் கேப்டன். 5.5 கோடி அதிகம் என்று தயங்கியவர்கள் மொத்தத்தில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கூட்டிப் பாருங்கள்.

டல்லாஸ் மட்டுமல்ல. 2012-ல் இறுதிப்போட்டி ஆடிய ஒக்லஹோமா சிட்டி, பெஞ்சிலிருந்து வந்த ஜேம்ஸ் ஹார்டனோடு சம்பளம் ஒத்துவராமல் அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பியது. 2018-ல் அவர் எம்.வி.பி., அதாவது லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார். லேக்கர்ஸ் 2021-ல் அலெக்ஸ் கரூஸோவை விட்டது. சிகாகோ நான்கு ஆண்டுக்கு 3.7 கோடிக்கு அவரை எடுத்துக்கொண்டது. அடுத்த சீசனில் லேக்கர்ஸ் 33 ஆட்டம்தான் ஜெயித்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, எல்லாப் பழியையும் இதன்மேல் போடமாட்டேன். ஆனால் கரூஸோ கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதைக் கவனியுங்கள். ஹார்டனை விட்ட அதே ஒக்லஹோமாவுக்கு. இம்முறை அந்த அணி அவரிடம் பேரம் பேசி இழுத்தடிக்கவில்லை. பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வருபவர் என்று தெரிந்தே, 2024 டிசம்பரில் நான்கு ஆண்டுக்கு 8.1 கோடி என்று நீட்டித்தது. 2025 ஜூனில் சாம்பியன் ஆனது. 2012-க்குப் பிறகு அவர்கள் ஆடிய முதல் இறுதிப்போட்டி அதுதான்.

குறைந்தபட்சச் சம்பளத்துக்கு நிறைய கார்டுகள் கிடைக்கிறார்கள் என்கிறீர்கள். கிடைக்கிறார்கள். கரூஸோவும் அப்படி வந்தவர்தான், டிராஃப்டில் யாரும் எடுக்காதவர். டொராண்டோவின் ஃப்ரெட் வான்வ்லீட்டும் அப்படியே. 2018-ல் அவரை இரண்டு ஆண்டுக்கு 1.8 கோடி கொடுத்து நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு இறுதிப்போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்து 22 புள்ளி எடுத்தார். அதில் 12 கடைசிக் குவார்ட்டரில். கோப்பை டொராண்டோவுக்கு. இப்படி நூறு பேரில் ஒருவர் தேறுவார். அந்த ஒருவர் உங்கள் அணியிலேயே, உங்கள் பயிற்சியாளர் கையிலேயே தேறியிருக்கும்போது, அவரை அனுப்பிவிட்டு மறுபடி நூறு பேரில் தேடுவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதை 2025 இறுதிப்போட்டியின் மூன்றாவது ஆட்டத்தில் பார்க்கலாம். இண்டியானாவின் டி.ஜே. மெக்கானல் 10 புள்ளி, 5 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்கக் கொடுத்த பந்து), 5 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பறித்த பந்து). ஒக்லஹோமாக்காரர் கோட்டுக்கு வெளியே நின்று சக ஆட்டக்காரருக்குப் பந்தை மெதுவாகப் போடுவார். எல்லாரும் முதுகைத் திருப்பித் தங்கள் பக்கம் ஓடிக்கொண்டிருப்பார்கள். மெக்கானலும் ஓடுவதுபோல் இரண்டடி வைத்து, சட்டென்று திரும்பிப் பந்துக்கு நடுவே பாய்வார். அரங்கமே எழுந்து நின்றது. டைரீஸ் ஹாலிபர்ட்டன் உட்கார்ந்திருந்த நேரத்தில் அணி சரியவில்லை, ஏறியது. ஏழாவது ஆட்டத்தின் முதல் குவார்ட்டரிலேயே ஹாலிபர்ட்டனின் குதிகால் தசைநார் அறுந்து போனது. அதன் பிறகும் பாதி ஆட்டம் முடியும்போது இண்டியானா ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. மெக்கானல் 16 புள்ளி எடுத்தார். ஆட்டம் தோற்றுத்தான் போனது. ஆனால் முதல் கார்டு இல்லாமல் இறுதிப்போட்டியின் கடைசி ஆட்டத்தில் அத்தனை நேரம் தாக்குப்பிடித்தார்களே, அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 2024-ல் அவருக்குக் கொடுத்த நீட்டிப்பு நான்கு ஆண்டுக்கு 4.5 கோடி. நீங்கள் வீண் என்று சொல்லும் அதே 'ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல்' கணக்குதான்.

கேட்டதைக் கொடு என்று நான் சொல்லவில்லை. கோல்டன் ஸ்டேட் 2022 கோப்பைக்குப் பிறகு ஜோர்டன் பூலுக்கு நான்கு ஆண்டுக்கு 12 கோடிக்கு மேல் எழுதியது. அது இரண்டாம் கார்டின் விலை அல்ல, நட்சத்திரத்தின் விலை. ஸ்டெஃபன் கரி இருக்கும் அணியில் அந்த இடம் காலியாகவே இல்லை. தடுப்பாட்டத்தில் பூல் பலவீனம் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த கோடையிலேயே அவரை வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபக்கம், 2012-ல் நிக்ஸ் தன் கார்டு ஜெரமி லின்னுக்கு ஹூஸ்டன் சொன்ன விலையை ஈடுகட்ட மறுத்தது. மூன்றாம் ஆண்டுச் சம்பளம் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி. லின் போன பிறகு நிக்ஸ் 54 ஆட்டம் ஜெயித்தது.

நான் பார்ப்பது இரண்டு விஷயம். முதல் கார்டோடு சேர்ந்தே களத்தில் நிற்க இவரால் முடியுமா? எதிரணி இவரைத் தேடித் தேடித் தாக்கும்போது தாக்குப்பிடிப்பாரா? இரண்டுக்கும் ஆம் என்றால், உச்சவரம்பில் ஏழெட்டு சதவீதம்வரை யோசிக்காமல் கொடுக்கலாம். பந்து கையில் இருந்தால்தான் பயன், தடுப்பில் ஓட்டை என்றால் அதில் பாதிதான் விலை.

அணி சொல்லக்கூடிய நியாயமான காரணம் ஒன்று உண்டு. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்த 2023 ஒப்பந்தம் கொண்டுவந்த 'செகண்ட் ஏப்ரன்' எனும் மேல்கோடு, 2025-26-ல் சுமார் 20.78 கோடி. அதைத் தாண்டினால் மிட்-லெவல் சலுகை கிடையாது. டிரேடில் இருவர் சம்பளத்தைக் கூட்டி ஒருவரை வாங்க முடியாது. ஏழு ஆண்டு தள்ளி வரும் முதல் சுற்று டிராஃப்ட் உரிமையும் முடங்கும். அதிகச் சம்பளத்துக்காக லீக்குக்குக் கட்டும் வரியும் பல மடங்கு. இந்தக் கோட்டின் விளிம்பில் நிற்கும் அணி எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும்.

எங்கே வெட்டுவது என்பதற்கும் பாஸ்டனையே காட்டுகிறேன். 2022-23 சீசனில் பேட்டன் ப்ரிச்சர்டுக்கு அங்கே ஆட வாய்ப்பே அரிது. ஆனாலும் 2023 அக்டோபரில், வேறு அணிகள் விலை பேச வருவதற்கு முன்பே, நான்கு ஆண்டுக்கு 3 கோடி கொடுத்து நீட்டித்தார்கள். 2025-ல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருது அவருக்கு. அந்தக் கோடையில் செகண்ட் ஏப்ரனுக்குக் கீழே இறங்க பாஸ்டன் ஹாலிடேயை அனுப்பியது, கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை அனுப்பியது. ஆண்டுக்கு முக்கால் கோடி வாங்கும் ப்ரிச்சர்டை வைத்துக்கொண்டது.